சோப் சர்வீஸில் பாதுகாப்பு சேர்த்ததும் வேகம் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் ஜாவா அப்ளிகேஷன், வெளிநாட்டில் இருக்கும் ஒரு பார்ட்னரின் சோப் சர்வீஸை (எக்ஸ்எம்எல் மெசேஜில் பேசும் வெப் சர்வீஸ்) அழைக்கிறது. ஜாவா 8, சோப் லைப்ரரி அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் 3. டெஸ்டில் பாதுகாப்பு இல்லாமல் ஓட்டியபோது ஒரு அழைப்பு 200 மில்லிசெகண்டில் முடிந்தது. இருபக்கமும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் (கனெக்‌ஷனையே மறையாக்கும் முறை), அதற்கு மேல் மெசேஜுக்குள்ளேயே வைக்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி கையெழுத்தும் மறையாக்கமும் சேர்த்ததும் ஒரு செகண்டைத் தாண்டுகிறது. லோடு ஏறினால் மூன்று, நான்கு. சிபியூ கூட்டிப் பார்த்தோம், பயனில்லை. கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஆர்எஸ்ஏ கணக்கு இவ்வளவு மெதுவா? வேறு லைப்ரரிக்கு மாற வேண்டுமா?"

லைப்ரரியை மாற்றாதீர்கள், இப்போதைக்கு. "சிபியூ கூட்டியும் பயனில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் துப்பு இருக்கிறது. நேரத்தைத் தின்பது ஆர்எஸ்ஏ கணக்காக இருந்தால், கோர் கூடினால் லோடில் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் உங்கள் த்ரெட்டுகள் கணக்குப் போடவில்லை, எதற்காகவோ காத்திருக்கின்றன. நான் பார்த்த இந்த மாதிரிக் கேஸ்களில் பெரும்பாலும் கிரிப்டோ குற்றவாளி இல்லை. ஒரு தடவை செய்து வைத்துக்கொள்ள வேண்டிய வேலையை ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலிருந்து செய்வதுதான் குற்றவாளி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்கும் பார்ட்னருக்கும் இடையே பாக்கெட் போய்த் திரும்ப 150 மில்லிசெகண்டு என்று வைத்துக்கொள்வோம். கனெக்‌ஷன் ஏற்கெனவே திறந்திருந்தால் ஒரே சுற்று, அழைப்பும் பதிலும், 150. புதிதாகத் திறக்க வேண்டும் என்றால் டிசிபிக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.2-இன் முழு ஹேண்ட்ஷேக்குக்கு, அதாவது சாவியை ஒப்புக்கொள்ளும் தொடக்கப் பேச்சுக்கு, இரண்டு சுற்று, அப்புறம்தான் உங்கள் எக்ஸ்எம்எல் கிளம்பும். மொத்தம் நான்கு சுற்று, 600 மில்லிசெகண்டு. இதில் ஒரு பைட்கூட மறையாக்கம் செய்யவில்லை, வெறும் தூரத்துக்குக் கொடுக்கும் விலை. கோர் எத்தனை வாங்கினாலும் இது குறையாது.

கனெக்‌ஷன் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறக்கிறதா என்று பார்க்க ப்ரொஃபைலர்கூடத் தேவையில்லை. லோடு டெஸ்ட் ஓடும்போது கிளையன்ட் மெஷினில் எஸ்எஸ் அல்லது நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டு, பார்ட்னர் ஐபிக்கு டைம்-வெயிட் (மூடியாயிற்று, இன்னும் பட்டியலில் இருக்கிறது) நிலையில் எத்தனை கனெக்‌ஷன் கிடக்கிறது என்று எண்ணுங்கள். நூற்றுக்கணக்கில் வந்தால் முடிவு செய்துகொள்ளலாம். இன்னும் உறுதியாக வேண்டுமானால் டிசிபிடம்ப் எடுத்து, ஹேண்ட்ஷேக்கின் முதல் மெசேஜான கிளையன்ட்-ஹலோ எத்தனை போகிறது, சோப் அழைப்பு எத்தனை போகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கீப்-அலைவ், அதாவது திறந்த கனெக்‌ஷனை மறுபடி பயன்படுத்துவது, வேலை செய்யவே இல்லை.

ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் சுவாரசியம். உங்கள் கோடில் பெரும்பாலும் இப்படி ஒரு மெத்தட் இருக்கும்: சர்வீஸ் கிளாஸை நியூ போடுவது, கெட்-போர்ட் கூப்பிடுவது, கண்ட்யூட்டை (சிஎக்ஸ்எஃப்பில் ஹெச்டிடிபி அனுப்பும் பகுதி) எடுத்து டிஎல்எஸ் பாராமீட்டர்களைத் திணிப்பது, கையெழுத்தும் மறையாக்கமும் செய்யும் டபிள்யூஎஸ்எஸ்ஃபோர்ஜே லைப்ரரியின் இன்டர்செப்டர்களைச் சேர்ப்பது, கடைசியில் அழைப்பது. எல்லாம் ஒரே மெத்தடுக்குள். படிக்க அழகாக இருக்கும், டெஸ்டிலும் ஓடும். ஆனால் அது என்னென்ன செய்கிறது பாருங்கள்.

சர்வீஸ் உருவாகும்போது, அதை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு படிக்கப்படும். அதன் முகவரி பார்ட்னர் சர்வரில் இருந்தால், அதை எடுக்கவே தனியாக ஒரு நெட்வொர்க் பயணம். அடுத்து, எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்ஸ்-பியின் கான்டெக்ஸ்ட் உருவாகும். ஸ்கீமா பெரிதாக இருந்தால் நூற்றுக்கணக்கான கிளாஸ்களை ரிஃப்ளெக்‌ஷனில் மேயும். அப்புறம் சாவிகளும் சான்றிதழ்களும் இருக்கும் கீஸ்டோர். அப்புறம் புதிய கண்ட்யூட், அதற்குள் புதிய எஸ்எஸ்எல் சாக்கெட் ஃபேக்டரி. இந்தக் கடைசி ஆள்தான் சத்தமில்லாமல் கழுத்தறுப்பவன். ஜாவாவின் ஹெச்டிடிபி-யூஆர்எல்-கனெக்‌ஷன், பழைய கனெக்‌ஷனை மறுபடி எடுக்கும்போது யூஆர்எல்லை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் கனெக்‌ஷனைத் திறந்த சாக்கெட் ஃபேக்டரியும் அதே ஆப்ஜெக்ட்தானா என்று பார்க்கும். சமமானது போதாது, அதே ஆப்ஜெக்ட். நீங்கள் ஒவ்வொரு தடவையும் புதிது கொடுத்தால், உள்ளே திறந்து கிடக்கும் நல்ல கனெக்‌ஷன் கண்ணிலேயே படாது. பழைய டிஎல்எஸ் செஷனைத் தொடரலாமே என்றால் அதுவும் முடியாது. செஷன் கேஷ் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டுக்குள் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

ஆக, கெட்-போர்ட் தரும் போர்ட் ப்ராக்ஸியை ஸ்டார்ட்-அப்பில் ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஎஸ்டிஎல்லை ஜாருக்குள் வையுங்கள். "ப்ராக்ஸி த்ரெட்-சேஃப் இல்லை என்று ஜாவாவின் சோப் தரமான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் சொல்கிறதே" என்று உடனே யாராவது கேட்பார்கள். சொல்வது உண்மைதான், அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் ஒவ்வொரு தடவையும் புதிது போடுகிறார்கள். ஆனால் சிஎக்ஸ்எஃப் ப்ராக்ஸியைப் பல த்ரெட்டுகள் பகிரலாம். ஓடும் நடுவில் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டையோ கண்ட்யூட் செட்டிங்கையோ மாற்றக் கூடாது, அவ்வளவுதான். முகவரி, டைம்-அவுட், சான்றிதழ் எல்லாம் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பயனருக்குப் பயனர் பாஸ்வேர்டு மாறும் கேஸ் என்றால், ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டை த்ரெட்-லோக்கல் ஆக்கும் செட்டிங் இருக்கிறது. இல்லையா, ஒரு சின்ன ப்ராக்ஸி பூல் போடுங்கள். மெட்ரோ, ஆக்சிஸ்2 போன்ற வேறு சோப் லைப்ரரி பயன்படுத்துபவர்கள் பூல் பக்கம் போவதே நல்லது.

இதைச் செய்தபிறகு ஒற்றை அழைப்பு சட்டென்று இறங்கும், லோடில் மட்டும் இன்னும் இழுக்கும். காரணம் ஒரு எண்: 5. ஜாவாவின் உள்கட்டிய ஹெச்டிடிபி கிளையன்ட், ஒரு முகவரிக்கு 5 சும்மா இருக்கும் கனெக்‌ஷன்களைத்தான் பத்திரப்படுத்தும். நீங்கள் 50 த்ரெட் ஓட்டினால் மிச்சம் 45 கனெக்‌ஷன் வேலை முடிந்ததும் மூடப்படும், அடுத்த சுற்றில் மறுபடி ஹேண்ட்ஷேக். ஹெச்டிடிபி மேக்ஸ்-கனெக்‌ஷன்ஸ் என்ற சிஸ்டம் ப்ராப்பர்டியை உங்கள் த்ரெட் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏற்றுங்கள். எதிர் சர்வர் கீப்-அலைவ் நேரம் எதுவும் சொல்லவில்லை என்றால் 5 செகண்டு சும்மா இருந்தாலே கனெக்‌ஷன் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள். அழைப்புகள் விட்டுவிட்டு வரும் சிஸ்டம் என்றால் பார்ட்னரிடம் கேட்டு அந்த நேரத்தை நீட்டச் சொல்லலாம். அல்லது சிஎக்ஸ்எஃப்பில், அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையன்ட் மேல் ஓடும் இன்னொரு டிரான்ஸ்போர்ட் இருக்கிறது. அதில் பூல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். நடுவில் லோட் பேலன்சர் இருந்தால் அதன் ஐடில் டைம்-அவுட்டையும் பாருங்கள். நீங்கள் கனெக்‌ஷனைக் காப்பாற்றி வைக்க, அது நடுவில் அறுத்துவிட்டுப் போகும்.

கீஸ்டோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே மாட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ப்ராஜெக்டில் இதே புகார் வந்தது. எல்லோரும் ஆர்எஸ்ஏ-வைத் திட்டிக்கொண்டிருந்தோம். பத்து செகண்டு இடைவெளியில் ஐந்து த்ரெட் டம்ப் எடுத்து அடுக்கிப் பார்த்தால், ரிக்வெஸ்ட் த்ரெட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் நின்றன: பிகேசிஎஸ்12 கீஸ்டோர் லோட். கையெழுத்து போடும் வரியில் ஒன்றோ இரண்டோதான். பிகேசிஎஸ்12 கோப்பைத் திறக்கும்போது பாஸ்வேர்டிலிருந்து சாவி தயாரிக்க ஹேஷை ஆயிரக்கணக்கான சுற்று ஓட்டுவார்கள். பாஸ்வேர்டை ஊகிக்க முயல்பவனுக்கு அலுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக வைத்தது. அதைப் போய் ஒவ்வொரு அழைப்புக்கும் நாமே ஓட்டிக்கொண்டிருந்தோம். பாஸ்வேர்டு கொடுக்கும் கால்பேக் ஹேண்ட்லரோ தன் பங்குக்கு ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்குப் போய் வந்தது. அந்தக் கால்பேக்கை எழுதியது நான்தான் என்பதை மீட்டிங்கில் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். டபிள்யூஎஸ்எஸ்ஃபோர்ஜே-க்கு ப்ராப்பர்டி கோப்பின் பெயரைக் கொடுப்பதற்குப் பதில், ஒரு தடவை உருவாக்கிய கிரிப்டோ ஆப்ஜெக்டையே கொடுங்கள். பாஸ்வேர்டை மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதெல்லாம் சரிசெய்தாயிற்று, இன்னும் மெதுவாக இருக்கிறது. இப்போதுதான் எக்ஸ்எம்எல் பக்கம் வர வேண்டும். இங்கேயும் முதல் சந்தேகம் கிரிப்டோ மேல் வேண்டாம். எக்ஸ்எம்எல் கையெழுத்தில் ஆர்எஸ்ஏ வேலை செய்வது ஒரு சிறிய ஹேஷ் மேல்தான். அந்த ஹேஷ் வரைக்கும் போய்ச் சேரத்தான் பாடு. மெசேஜ் முழுவதையும் மெமரியில் டாம் மரமாகக் கட்ட வேண்டும், கையெழுத்திடும் ஒவ்வொரு பகுதியையும் கேனோனிக்கல் (ஒரே சீரான) வடிவத்துக்கு மாற்ற வேண்டும், நேம்ஸ்பேஸ்களை ஒழுங்குபடுத்த வேண்டும், பைட்டுகளாக எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் ஹேஷ். மறையாக்கம் என்றால் அந்தப் பகுதியை சீரியலைஸ் செய்து, மறையாக்கி, பேஸ்64 ஆக்கி, மரத்தில் திரும்பச் செருக வேண்டும். பேஸ்64 மட்டுமே மூன்றில் ஒரு பங்கு அளவைக் கூட்டிவிடும். கோப்பில் 10 எம்பி இருக்கும் மெசேஜ் டாமில் அதைப் போலப் பல மடங்கு ஹீப்பைப் பிடிக்கும். அப்படி நாலு மெசேஜ் ஒரே நேரத்தில் வந்தால் கார்பேஜ் கலெக்டர் கதறும். கேட்டால் "செக்யூரிட்டி ஸ்லோ" என்போம்.

மெசேஜ் பெரிது என்றால் ஸ்ட்ரீமிங் பக்கம் போங்கள். 2014-இல் வந்த டபிள்யூஎஸ்எஸ்ஃபோர்ஜே 2.0-இலிருந்து ஸ்டாக்ஸ் அடிப்படையிலான செயலாக்கம் இருக்கிறது. டாம் மரம் கட்டாமல் ஓடஓடவே சரிபார்க்கும். சிஎக்ஸ்எஃப்பில் செக்யூரிட்டி பாலிசி பயன்படுத்தினால் எனேபிள்-ஸ்ட்ரீமிங் என்ற ஒரே செட்டிங்தான். நாலைந்து கேபி மெசேஜுக்கு இதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். ஆதாயம் மெமரியில்தான், அதுவும் பெரிய மெசேஜில்தான். கையெழுத்திடும் பகுதியை எக்ஸ்பாத்தில் சுட்டும் பாலிசி இருந்தால் இது ஒத்துவராது. அப்படிச் சுட்டுவது எப்படியும் மெதுவானது, முடிந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கைப் போட்ட கையோடு, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் சோப்-ஹேண்ட்லர் ஏதாவது செயினில் இருக்கிறதா என்று பாருங்கள். "மெசேஜை லாக் பண்ண ஒரு சின்ன ஹேண்ட்லர்" என்று யாரோ என்றைக்கோ போட்டிருப்பார்கள். அது ஒன்று இருந்தாலே முழு மெசேஜும் மெமரியில் சாஜ் மரமாகக் கட்டப்படும், நீங்கள் செய்த ஸ்ட்ரீமிங் எல்லாம் வீண். லாகைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ப்ரொடக்‌ஷனில், எக்ஸ்எம்எல் கையெழுத்து லைப்ரரியான அப்பாச்சி சான்ட்வாரியோவின் லாக் நிலை டீபக்கில் கிடக்கிறதா என்று சோதியுங்கள். டீபக்கில் அது ஹேஷுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டையும் எழுதித் தள்ளும். கையெழுத்து பொருந்தாத பிரச்சினையைத் தேடும்போது அது வரப்பிரசாதம். தேடி முடித்ததும் அணைக்க மறந்தால், வேகமும் போகும், மறையாக்கிய ரகசியம் முழுக்க லாகில் வெட்டவெளிச்சமாகக் கிடக்கும்.

கோப்பு இணைப்புகள் அனுப்புபவர்களுக்கு, அவற்றை பேஸ்64 ஆக்காமல் தனிப் பகுதியாக அனுப்பும் எம்டாம் பற்றி ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப்பை எம்டாமில் அனுப்புகிறோம், அதனால் பேஸ்64 சுமை இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். பாடி முழுவதற்கும் கையெழுத்து போடச் சொல்லியிருந்தால், ஹேஷ் கணக்கிட அந்த இணைப்பும் பேஸ்64-ஆக உள்ளே இழுக்கப்படும். எம்டாம் பெயருக்குத்தான். வயரில் என்ன போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரிய கோப்புகள் என்றால் கோப்பின் ஹேஷை மட்டும் பாடியில் வைத்துக் கையெழுத்திட்டு, கோப்பைத் தனியாக அனுப்பலாமா என்று பார்ட்னரிடம் பேசுவது மேல். ஜிஜிப்பிலும் இதே வரிசைக் குழப்பம் உண்டு. மறையாக்கிய பிறகு சுருக்கினால் பேஸ்64 வீக்கம் மட்டுமே இறங்கும், எக்ஸ்எம்எல்லின் சுருங்கும் குணம் ஏற்கெனவே தொலைந்திருக்கும். மறையாக்கத்துக்கு முன்பே சுருக்க வேண்டும். ஐரோப்பாவில் மின்-விலைப்பட்டியலுக்கு ஓடும் பெப்போல் நெட்வொர்க் பயன்படுத்தும் ஏஎஸ்4 மெசேஜ் தரத்தில் இந்த வரிசையை ஸ்பெக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலில் சுருக்கு, அப்புறம் கையெழுத்து, அப்புறம் மறையாக்கம்.

இப்போது ஆர்எஸ்ஏ. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கையெழுத்தும் மறையாக்கமும் இரண்டு திசையிலும் இருந்தால், ஒரு அழைப்புக்கு உங்கள் பக்கம் இரண்டு பிரைவேட் கீ வேலை: போகும்போது கையெழுத்து, வரும்போது சாவியைத் திறப்பது. பார்ட்னர் பக்கமும் இரண்டு. 2048 பிட்டில் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள்தான் அடங்கும். பப்ளிக் கீயால் சரிபார்ப்பது அதைவிடப் பல மடங்கு மலிவு. உங்கள் ஒரு செகண்டுக்கு இது காரணமாகவே முடியாது. ஆனால் 4096-க்குப் போனால் பிரைவேட் கீ வேலை இரட்டிப்பாகாது, ஆறேழு மடங்காகும். "பெரிய நம்பர்தானே பாதுகாப்பு" என்று யோசிக்காமல் 4096 சான்றிதழ் வாங்கியிருந்தால், அதிக லோடில் அது தெரியும். உங்கள் மெஷினிலேயே ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீடு கட்டளையில் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. சாவி ஹெச்எஸ்எம் (சாவியை வெளியே விடாத தனி ஹார்டுவேர்) பெட்டிக்குள் இருந்தால் கதையே வேறு. அப்போது நீங்கள் அந்தப் பெட்டியின் வரிசையில் நிற்கிறீர்கள்.

உள்ளடக்கத்தை மறையாக்கும் ஏஇஎஸ் வகையில், சிபிசி முறை பாலிசியில் இருந்தால் ஜிசிஎம் முறைக்கு மாறுங்கள். இது வேகத்துக்காக இல்லை. 2011-இல் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிபோர் யாகரும் யூராய் சோமொரோவ்ஸ்கியும் எக்ஸ்எம்எல் மறையாக்கத்தின் சிபிசியை உடைத்துக் காட்டினார்கள். 2013-இல் வந்த எக்ஸ்எம்எல் என்கிரிப்ஷன் 1.1-இல் ஜிசிஎம் சேர்ந்தது. ஆனால் ஜாவா 8-இல் ஜிசிஎம் மந்தம். ஜாவா 9-இல் ஜேஇபி 246 என்ற மாற்றத்தின் வழியாக சிபியூ கட்டளைகளை நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்கியபிறகுதான் உருப்படியானது. இது டிஎல்எஸ்ஸுக்கும் பொருந்தும்.

எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். அவ்வப்போது ஒரு அழைப்பு 15 செகண்டும் கொஞ்சமும் எடுத்தால், சான்றிதழ் ரத்துச் சோதனையைச் சந்தேகப்படுங்கள். ஓசிஎஸ்பி, சிஆர்எல் இரண்டுக்கும் ஜாவாவின் டீஃபால்ட் டைம்-அவுட் 15 செகண்டு. ஃபயர்வால் அந்த முகவரியை மறுக்காமல், பாக்கெட்டைச் சும்மா விழுங்கிக்கொண்டிருக்கும். ஃபயர்வாலைத் திறக்கச் சொல்லுங்கள். எரிச்சலில் சோதனையையே அணைத்துவிடாதீர்கள். அதே போல, பழைய லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினில் முதல் அழைப்பு மட்டும் நிமிடக்கணக்கில் தொங்கினால், ரேண்டம் எண்களைத் தரும் டெவ்-ராண்டம் என்ட்ரோபிக்காகக் காத்திருக்கிறது. கெர்னல் 5.6-க்குப் பின் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

இனி கோடில் இல்லாத ஒரு மாற்றம், பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாயம். டிஎல்எஸ் ஏற்கெனவே இரு முனைக்கும் இடையே மறையாக்குகிறது. அதற்குள் மறுபடி மெசேஜை ஏன் மறையாக்குகிறீர்கள்? நடுவில் மெசேஜை வழிநடத்தும் ஒரு இஎஸ்பியோ கேட்வேயோ டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் படிக்கிறது, அது உள்ளடக்கத்தைப் பார்க்கக் கூடாது என்றால் நியாயம். இல்லையென்றால் பெட்டியைப் பூட்டி இன்னொரு பெட்டிக்குள் பூட்டுவதுதான். "இதை அனுப்பியது நீங்கள்தான்" என்று நாளை நிரூபிக்க வேண்டும் என்றால் கையெழுத்து மட்டும் வையுங்கள், மறையாக்கத்தை டிஎல்எஸ்ஸிடம் விடுங்கள். அதுவும் தேவையில்லை என்றால் டிஎல்எஸ் கிளையன்ட் சான்றிதழும் டைம்ஸ்டாம்பும் போதும். பார்ட்னரின் பாதுகாப்புக் குழுவிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல இடங்களில் அந்தப் பாலிசி, யாரோ ஒரு சாம்பிளிலிருந்து ஒட்டியதாகத்தான் இருக்கும். கையெழுத்தை மட்டும் குறைக்கப் பார்க்கும்போது கவனம் வேண்டும்: பாடி, டைம்ஸ்டாம்ப், முகவரி ஹெடரான டபிள்யூஎஸ்-அட்ரஸிங்கின் டூ, ஆக்‌ஷன் ஆகியவை கையெழுத்துக்குள் இருக்கட்டும். அதைவிடக் குறைத்தால் கையெழுத்திட்ட பகுதியை நகர்த்தி வைத்து ஏமாற்றும் தாக்குதலுக்குக் கதவு திறந்துவிடுவீர்கள்.

டபிள்யூஎஸ்-செக்யூர்-கான்வர்சேஷன் என்று ஒன்றை யாராவது பரிந்துரைப்பார்கள். ஒரு தடவை ஆர்எஸ்ஏ-வில் பேசி ஒரு பொதுச் சாவியை ஒப்புக்கொண்டு, அப்புறம் ஹெச்மேக்கிலும் ஏஇஎஸ்ஸிலும் ஓட்டுவது. தாளில் பிரமாதம். ஆனால் சர்வர் அந்த உரையாடலை நினைவில் வைத்திருக்க வேண்டும். லோட் பேலன்சர் பின்னால் நாலு நோடு இருந்தால், அடுத்த அழைப்பு வேறு நோடுக்குப் போகும், அது "யார் நீ" என்று கேட்கும். எதிர்ப்பக்கம் மைக்ரோசாஃப்டின் சர்வீஸ் ஃப்ரேம்வொர்க்கான டபிள்யூசிஎஃப் இருந்தால், டபிள்யூஎஸ்-ஹெச்டிடிபி-பைண்டிங்கில் இது டீஃபால்ட்டாகவே இயங்கும், அப்போது வேறு வழியில்லை. நீங்களாகத் தேடிப் போக நான் சொல்ல மாட்டேன்.

ஜாவா அப்கிரேடைக் கடைசியில் வையுங்கள். செய்யத்தான் வேண்டும்: ஜாவா 11-இல் டிஎல்எஸ் 1.3 வந்தது, முழு ஹேண்ட்ஷேக் ஒரே சுற்றில் முடியும், மேலே போட்ட கணக்கில் 600 என்பது 450 ஆகும். ஆனால் அதே 11-இல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸையும் ஜாக்ஸ்-பியையும் ஜேடிகே-யிலிருந்து தூக்கிவிட்டார்கள், டிபெண்டன்சிகளை நீங்களே சேர்க்க வேண்டும். சோப் ப்ராஜெக்டுகள் இன்னும் 8-இல் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிஎல்எஸ் 1.3 மட்டும் போதும் என்றால் 8-இன் 261-ஆம் அப்டேட்டிலேயே வந்துவிட்டது. 341-ஆம் அப்டேட்டுக்கு முந்தையது என்றால் கிளையன்ட் பக்கம் மட்டும் டீஃபால்ட்டில் அணைந்திருக்கும், ப்ராப்பர்டியில் இயக்கிக்கொள்ளுங்கள்.

நாளைக்கு ஆஃபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த டைம்-வெயிட் எண்ணை எடுத்து, ப்ராக்ஸி உருவாக்கும் மெத்தடையும் சேர்த்து இங்கே போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மறைத்துவிட்டு.